பழைய அமெரிக்க மசில் கார் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1964-க்கும் 1973-க்கும் நடுவே டெட்ராய்ட் கம்பெனிகள் விற்ற பெரிய எஞ்சின் கார்களுக்கு இன்னும் மவுசு குறையவில்லை. அமெரிக்காவில் நாலு காசு சேர்ந்ததும் "பழைய மஸ்டாங் ஒன்று வாங்கிப் போடலாமா?" என்று கேட்கும் நம்மவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் கீழே. கார்ப் பித்து உள்ளவன் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

பழைய அமெரிக்கக் கார் எல்லாமே மசில் கார்தானா?

இல்லை. நடுத்தர அளவுள்ள சாதாரணக் குடும்பக் காரின் பாடிக்குள், பெரிய காருக்கென்று செய்த எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினை இறக்கி, இளவட்டங்கள் வாங்கக்கூடிய விலையில் விற்றால் அது மசில் கார். வால் நீட்டிய 1959 கேடிலாக் அழகுதான், ஆனால் இந்தக் கணக்கில் வராது. கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார். மஸ்டாங், கமாரோ, பாரகூடா மாதிரி சின்ன கார்களுக்கு 'போனி கார்' என்று தனிப்பெயர் உண்டு. ஆனால் அதே மஸ்டாங்கில் 428 கன அங்குல கோப்ரா ஜெட் எஞ்சின் இருந்தால் அது மசில் கார் இல்லை என்று யாரும் வாதாட மாட்டார்கள். இரண்டையும் சேர்த்தே இங்கே பேசுகிறேன்.

இது எங்கே, எப்படித் தொடங்கியது?

பான்டியாக் ஜிடிஓவில் இருந்துதான் பெரும்பாலோர் கணக்கை ஆரம்பிப்பார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1963-இல் தன் கம்பெனிகள் எதுவும் கார் பந்தயத்தில் இறங்கக்கூடாது என்று தடை போட்டது. பந்தயத்தை வைத்தே பெயர் வாங்கிய பான்டியாக்குக்கு அது பெரிய அடி. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக்கூடாது என்றும் தலைமையகத்தில் விதி இருந்தது. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்களும் விதியை வரிக்கு வரி படித்து ஓட்டை கண்டுபிடித்தார்கள். புதிய கார் மாடலுக்குத்தானே மேலிடத்தின் அனுமதி வேண்டும்? டெம்பெஸ்ட் லெமான்ஸ் என்ற காருக்குக் கூடுதல் காசு கொடுத்து வாங்கும் 'ஆப்ஷன்' ஆக 389 கன அங்குல எஞ்சினை, அதாவது 6.4 லிட்டர் வி8-ஐ, பட்டியலில் சேர்த்துவிட்டால் யாரைக் கேட்க வேண்டும்? ஜிடிஓ என்ற அந்த ஆப்ஷனின் விலை ஏறக்குறைய 295 டாலர். ஐயாயிரம் விற்றால் போதும் என்று நினைத்த 1964 ஜிடிஓ, முதல் ஆண்டிலேயே 32,450 விற்றது. ஜிடிஓ என்ற பெயரையே ஃபெராரியிடம் இருந்து கூசாமல் எடுத்துக்கொண்டார்கள்.

விற்பனைக் கணக்கைப் பார்த்ததும் மற்ற கம்பெனிகள் சும்மா இருக்குமா? ஷெவர்லே ஷெவெல் எஸ்எஸ், ஓல்ட்ஸ்மொபில் 442, ப்யூக் ஜிஎஸ், டாட்ஜ் சார்ஜர் என்று வரிசையாக வந்தன. இதில் எனக்குப் பிடித்த கதை 1968 பிளைமத் ரோட் ரன்னர். மற்ற கார்கள் விலை ஏறிக்கொண்டே போகின்றன, இளைஞர்களால் வாங்க முடியவில்லை என்று பார்த்து, 2,896 டாலருக்கு ஒரு வண்டி செய்தார்கள். 383 எஞ்சின், 335 குதிரைத்திறன். உள்ளே நீட்டு பெஞ்ச் சீட், தரையில் கார்ப்பெட்டுக்குப் பதில் ரப்பர் விரிப்பு. மிச்சம் பிடித்த கம்பெனி, கார்ட்டூன் பறவையின் பெயருக்காக மட்டும் வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்தது. ஹார்னும் அந்தப் பறவை மாதிரியே 'பீப் பீப்' என்று கத்தும்.

இந்த இரண்டு கதைகளும் பிடிபட்டால் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். காசை எஞ்சினில் கொட்டினார்கள், மற்ற எல்லாவற்றிலும் மிச்சம் பிடித்தார்கள். இந்தக் கார்களிடம் நமக்குப் பிடிப்பதும் கடுப்பேற்றுவதும் அந்த ஒரே முடிவில் இருந்து வந்தவைதான்.

அப்படி என்னதான் ஈர்ப்பு?

முதலில் சத்தம். பெரிய கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) வைத்த வி8, சும்மா நிற்கும்போது சீராக ஓடாது. லேசாகத் தள்ளாடி, விட்டு விட்டு உறுமும். வண்டி முழுக்க அந்த உறுமலோடு ஆடும். ஸ்டீயரிங்கில் வைத்த கையில், சீட்டில், பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் கூட அது தெரியும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் இழுக்கும் இழுவை இன்னொன்று. 1970 ப்யூக் 455 எஞ்சினுக்கு 510 பவுண்டு-அடி டார்க் (முறுக்கு விசை) என்று போட்டிருந்தார்கள். எந்த கியரில் இருந்தாலும் தள்ளிக்கொண்டு போகும்.

ஆனால் வாங்கியவர்களை ஆண்டுக்கணக்கில் பிடித்து வைப்பது பானெட்டுக்குக் கீழே உள்ள காலி இடம் என்பேன். இன்றைய காரின் பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடிதான் தெரியும். 1967 ஷெவெலில் எஞ்சினைச் சுற்றிக் கை விட்டு வேலை பார்க்கலாம். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஃப்யூவல் பம்ப் எல்லாம் கண்ணுக்கு நேராக இருக்கும். சாக்கெட் செட்டும் டைமிங் லைட்டும் ஒரு பழைய சர்வீஸ் மேனுவலும் இருந்தால், மெக்கானிக் தொழிலே தெரியாதவரும் ஞாயிற்றுக்கிழமை ட்யூன்-அப் செய்துவிடலாம். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது தரும் திருப்தியைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

உதிரி பாகங்கள் கிடைப்பது இன்னொரு பெரிய வசதி. மஸ்டாங்குக்கும் கமாரோவுக்கும் கதவுப்பிடி முதல் டேஷ்போர்டு வரை எல்லாம் புதிதாகச் செய்து விற்கிறார்கள். 1969 கமாரோவுக்கு முழுப் பாடியே புதிதாக வாங்கலாம். பத்து வயதான ஐரோப்பியக் காருக்கு ஒரு சென்சார் கிடைக்காமல் அலைபவர்கள் இதைக் கேட்டால் பொறாமைப்படுவார்கள். பிளைமத், டாட்ஜ் பாகங்கள் மட்டும் இவ்வளவு தாராளமாகக் கிடைக்காது, விலையும் கூட.

விளம்பரத்தில் 400, 450 குதிரைத்திறன் என்கிறார்களே. உண்மையிலேயே அவ்வளவு வேகமா?

அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். 1971 வரை 'கிராஸ்' அளவு. எஞ்சினைத் தனியாக ஸ்டாண்டில் வைத்து, சைலன்சர், ஏர் ஃபில்டர், ஆல்டர்னேட்டர் எந்தச் சுமையும் இல்லாமல் அளப்பார்கள். 1972-இல் இருந்து வண்டியில் இருக்கிற மாதிரியே எல்லாவற்றையும் மாட்டி அளக்கும் 'நெட்' முறை வந்தது. 1971-இல் 365 என்று சொன்ன ஷெவர்லேயின் 454 எஞ்சின், 1972 பட்டியலில் 270 ஆகிவிட்டது.

வேண்டுமென்றே குறைத்துச் சொன்னதும் உண்டு. 1968 ஃபோர்டு 428 கோப்ரா ஜெட் எஞ்சினுக்கு 335 என்று போட்டார்கள். இன்ஷூரன்ஸ்காரர்கள் கண்ணில் படக்கூடாது, நேர்கோட்டில் ஓடும் டிராக் ரேஸில் நல்ல பிரிவு கிடைக்க வேண்டும் என்ற கணக்கு. ஓட்டியவர்கள் யாரும் அந்த எண்ணை நம்பவில்லை.

இன்றைய அளவுகோலில் பார்த்தால், அண்மைக்காலம் வரை விற்ற டொயோட்டா கேம்ரி வி6, 301 நெட் குதிரைத்திறன் கொண்டது. சிக்னலில் பச்சை விழுந்ததும் பல மசில் கார்களை அது முந்திவிடும். சத்தமே இல்லாமல் முந்திவிடும் என்பதுதான் வயிற்றெரிச்சல். வேகம் மட்டுமே வேண்டுமென்றால் பழைய கார் தேவையில்லை.

பாதுகாப்பு எப்படி? குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகலாமா?

என்னைக் கேட்டால், சின்னக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஹைவேயில் போக வேண்டாம்.

பிரேக்கில் இருந்து தொடங்குகிறேன். பெரும்பாலான கார்களில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான் வந்தது. முன் டிஸ்க் வேண்டுமென்றால் தனிக் காசு. ஏறக்குறைய 1,600 முதல் 1,750 கிலோ எடையுள்ள வண்டியை வேகத்தில் இருந்து இரண்டு மூன்று தடவை அடுத்தடுத்து நிறுத்தினால் டிரம் சூடேறி, பெடல் கல் மாதிரி கெட்டியாகி, வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். 1966-உம் அதற்கு முந்தையதுமான கார்களில் இதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. பெரும்பாலும் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் சர்க்யூட். எங்கேயாவது ஒரு குழாய் வெடித்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். 1967-இல் இருந்துதான் முன், பின் என்று இரண்டாகப் பிரித்த மாஸ்டர் சிலிண்டர் பரவலானது. 1966 வண்டி வாங்கினால் ரேடியோவைத் தொடுவதற்கு முன் இதை மாற்றுங்கள். வேலை ஒரு நாள்தான்.

சீட் பெல்ட் விஷயமும் அப்படித்தான். முன்சீட்டில் தோள் பெல்ட் 1968 ஜனவரி முதல்தான் சட்டப்படி கட்டாயம். அதுவும் இடுப்பு பெல்ட்டோடு சேராமல், கூரையில் தனியாகக் கிளிப் போட்டு மாட்டியிருக்கும். அதை எடுத்துப் போட்டவர்கள் குறைவு. 1964-70 மஸ்டாங்கில் பெட்ரோல் டேங்கின் மேல்தகடுதான் டிக்கியின் தரை. ஏர்பேக், ஏபிஎஸ் பேச்சுக்கே இடமில்லை. எடையில் பெரும்பகுதி முன்பக்கம் இருப்பதால் ஈரச் சாலையில் வளைவில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அதிகம் மிதித்தால் பின்பக்கம் சுழன்று முன்னே வந்துவிடும்.

அந்தக் காலத்து பவர் ஸ்டீயரிங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு விரலால் திருப்பலாம். ஆனால் சக்கரம் எங்கே பார்க்கிறது என்று கைக்கு எந்தத் தகவலும் வராது. பழகிக்கொள்ள முடியும், அதுவரை பக்கத்து லேனுக்கு மரியாதை கொடுத்து ஓட்டுங்கள்.

இவ்வளவு நன்றாக விற்றவை ஏன் நின்றுபோயின?

பலரும் 1973 அக்டோபர் எண்ணெய் நெருக்கடியைச் சொல்வார்கள். அதற்கு முன்பே ஆட்டம் முடிந்திருந்தது. 25 வயதுக்குக் குறைந்தவர் பெரிய எஞ்சின் கார் வாங்கினால் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தீட்டித் தள்ளின. காருக்கான மாதத் தவணையை பிரீமியம் எட்டிப் பிடிக்கத் தொடங்கியதும் இளைஞர்கள் விலகினார்கள். 1970-இல் வந்த தூய காற்றுச் சட்டம் புகையைக் குறைக்கச் சொன்னது. ஈயமில்லாத பெட்ரோலுக்குத் தோதாக 1971 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்ப்ரெஷனைக் (சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவையை அழுத்தும் விகிதத்தை) குறைத்துவிட்டது. பிளைமத், டாட்ஜ் இரண்டுக்கும் தாய்க் கம்பெனியான கிரைஸ்லரின் 426 ஹெமி எஞ்சின் 1971-ஓடு போயிற்று. 1970 ஒன்றுதான் உச்சம். ஜெனரல் மோட்டார்ஸ் நடுத்தரக் கார்களுக்கான எஞ்சின் வரம்பை அந்த ஆண்டில்தான் தளர்த்தியது, உடனே 450 குதிரைத்திறன் என்று பட்டியலிட்ட எல்எஸ்6 எஞ்சினோடு ஷெவெல் வந்தது. சந்தையில் 1970 மாடலுக்குத் தனி விலை இருப்பது இதனால்தான்.

மைலேஜ் எவ்வளவு கிடைக்கும்?

பெரிய எஞ்சின் என்றால் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர். காலை அடக்கி ஓட்டினால் ஐந்து. யானையைக் கட்டித் தீனி போடும் கதைதான். ஆனால் ஆண்டுக்கு ஆயிரம் மைல் ஓடும் வண்டிக்கு பெட்ரோல் செலவு பெரிய விஷயமே இல்லை. எந்த பெட்ரோல் என்பதுதான் கேள்வி. 10-க்கு மேல் கம்ப்ரெஷன் உள்ள எஞ்சின்கள் அன்றைய ஈய பெட்ரோலை நம்பிச் செய்தவை. இன்று பங்கில் கிடைக்கும் 91, 93 ஆக்டேன் பிரீமியத்தை ஊற்றி, இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) சற்றுப் பின்னுக்குத் தள்ளி ஓட்ட வேண்டியிருக்கும். ஈயம் வால்வு சீட்டுக்கும் பாதுகாப்பாக இருந்தது. எஞ்சினைப் பிரிக்கும்போது கடினமாக்கிய சீட் போட்டுவிடுங்கள். இதற்காகவே பிரிக்க வேண்டாம், அளவாக ஓடும் வண்டிக்கு அவசரமில்லை.

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸை அரித்துவிடும். காரேஜில் பெட்ரோல் வாடை அடித்தால் 'பழைய வண்டி அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். ஹோஸ் எல்லாவற்றையும் புதிய வகைக்கு மாற்ற அதிகச் செலவாகாது. தீப்பிடித்து எரிந்த பழைய கார்களில் கணிசமானவை இந்த ஹோஸால் எரிந்தவை.

பராமரிப்பு கஷ்டமா?

கஷ்டமில்லை, ஆனால் அடிக்கடி வேண்டும். இன்றைய காரை ஓராண்டு மறந்துவிடலாம். இதில் பாயின்ட் (தீப்பொறிக்கான மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) இடைவெளி, இக்னிஷன் டைமிங், கார்புரேட்டர், கிரீஸ் நிப்பிள்கள் என்று ஏதாவது ஒன்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கே ஒரு முறை உண்டு. ஆக்சிலரேட்டரை ஒரு தடவை முழுசாக மிதித்து விட்டால் சோக் மூடிக்கொள்ளும். பிறகு காலை எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும். பதற்றத்தில் நாலைந்து தடவை மிதித்தால் பெட்ரோல் ரொம்பிவிடும். அப்போது பெடலைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும். சூடான நாளில் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துக் கிளப்பினால் முரண்டு பிடிக்கும்.

பாயின்டை எடுத்துவிட்டு டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் மறைந்துவிடும் எலக்ட்ரானிக் கிட் போடலாம். வெளியே எதுவும் தெரியாது, தொல்லை பாதி குறையும். எண்ணெயில் மட்டும் கவனம் வேண்டும். பழைய வகை டாப்பெட்டும் கேம் ஷாஃப்டும் நேராக உரசுபவை. அவற்றைக் காப்பாற்றும் துத்தநாகச் சேர்ப்பு இன்றைய சாதாரண எஞ்சின் ஆயிலில் குறைந்துவிட்டது. பழைய கார்களுக்கென்று விற்கும் ஆயிலை வாங்குங்கள். சூப்பர் மார்க்கெட்டில் சல்லிசாகக் கிடைத்ததை ஊற்றிக் கேமைத் தேய்த்தவர்கள் பலர்.

வாங்கப் போகும்போது முதலில் எதைப் பார்ப்பது?

துரு. எஞ்சினைப் பிறகு பாருங்கள். ஓடாத எஞ்சினைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். துருவுக்கு மதிப்பீடே கிடையாது. பெயின்டைச் சுரண்டச் சுரண்ட ஓட்டை பெரிதாகும். பழைய கார் வாங்கி நொந்துபோனவர்களிடம் பேசினால் பெரும்பாலும் கதை இங்கேதான் வந்து நிற்கும்.

பளபளவென்று புதுப் பெயின்டோடு நிற்கும் வண்டிதான் அதிகம் பயப்பட வேண்டிய வண்டி. துருப்பிடித்த தகட்டின் மேல் பட்டி பார்த்து, தேய்த்து, அடித்துவிட்டால் ஓராண்டு தாங்கும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். பின்சக்கர வளைவு, கதவின் கீழ்விளிம்பு, முன்சக்கரத்துக்குப் பின்னே உள்ள ஃபெண்டரின் அடி, இந்த மூன்று இடத்திலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கினால் அங்கே தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. டிக்கி விரிப்பைத் தூக்கி ஸ்பேர் டயருக்கு அடியில் பாருங்கள். வினைல் கூரை போட்ட கார் என்றால் பின்கண்ணாடியின் கீழ் ஓரத்தை விரலால் அழுத்துங்கள். வினைலுக்கு அடியில் தண்ணீர் தேங்கி, பிஸ்கட் நொறுங்குகிற சத்தம் வந்தால் விலையைப் பற்றிப் பேசாமல் கிளம்பிவிடலாம்.

முதல் தலைமுறை மஸ்டாங்குக்குத் தனியாக ஒரு சோதனை இருக்கிறது. முன்கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே போகும் சல்லடைத் துளைகள் உண்டு. அனுமதி வாங்கிக்கொண்டு அங்கே ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, உள்ளே டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கால் வைக்கும் இடத்தில் சொட்டினால் உள்ளறைத் தகடு துருப்பிடித்திருக்கிறது. வெளியில் இருந்து தெரியவே தெரியாது. சரிசெய்ய முன்பக்கத்தையே கழற்றி, ஸ்பாட் வெல்டுகளைத் துளை போட்டுப் பிரிக்க வேண்டும். தண்ணீர் ஊற்ற விடாத ஓனரிடம் வாங்காதீர்கள்.

எந்த ஊர் வண்டி என்பதும் முக்கியம். மிச்சிகன், ஒஹையோ பக்கம் குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். அங்கேயே ஓடிய கார்களின் அடிப்பாகம் சல்லடைதான். அரிசோனா, தெற்குக் கலிபோர்னியா வண்டியில் பெயின்ட் வெளிறி, டேஷ்போர்டு வெடித்து, சீட் கிழிந்திருக்கும். ஆனால் தகடு தகடாகவே இருக்கும். கண்ணுக்கு அசிங்கமான அந்த வண்டியைத்தான் வாங்கச் சொல்வேன்.

'நம்பர்ஸ் மேட்சிங்' என்கிறார்களே, அது அவ்வளவு முக்கியமா?

எஞ்சின் பிளாக்கில் குத்தியிருக்கும் எண், சேசிஸ் நம்பரோடு பொருந்தினால், அந்தக் காரோடு ஃபேக்டரியில் இருந்து வந்த எஞ்சின் அதுதான் என்று அர்த்தம். 1960-களின் முடிவில் இருந்து இந்த முத்திரை பரவலானது. ஓட்டி மகிழ மட்டும் வாங்கினால் இது தேவையில்லை. அதற்காக அதிக விலை கேட்டால் மட்டும் தோண்டிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பிளாக்கைத் தேய்த்து எண்ணை மறுபடி குத்தும் கலையும் வளர்ந்திருக்கிறது.

இதைவிடப் பெரிய வியாபாரம் போலி மாடல்கள். ஆறு சிலிண்டர் வைத்து ஏதோ ஒரு பாட்டி கடைக்குப் போய்வந்த ஷெவெலை எடுத்து, பெரிய எஞ்சின் இறக்கி, எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட்) பட்டை ஒட்டி, 'அசல் எஸ்எஸ்' என்று விற்பது. 1966 முதல் 1968 வரையிலான ஷெவெல் எஸ்எஸ் 396 தனி மாடல், அதனால் சேசிஸ் நம்பர் 138 என்று தொடங்கும். 1969-இல் எஸ்எஸ்-ஐ வெறும் ஆப்ஷன் ஆக்கிவிட்டார்கள். அதன்பிறகு 1971 வரை, எஸ்எஸ்-ஆ இல்லையா என்று சேசிஸ் நம்பரை வைத்துச் சொல்லவே முடியாது. வி8-ஆ, ஆறு சிலிண்டரா என்று மட்டும் சொல்லும். அப்போது, அந்தக் காரில் எதையெல்லாம் மாட்ட வேண்டும் என்று எழுதிய ஃபேக்டரித் தாள்தான் சாட்சி. பெட்ரோல் டேங்கின் மேல்பக்கம், இல்லையென்றால் சீட் ஸ்பிரிங்குக்குள் அந்தத் தாளைத் தொழிலாளிகள் செருகிவைத்திருப்பார்கள். சிலருக்கு இன்றும் கிடைக்கிறது, எலி தின்ற மிச்சமாக. 1966 முதல் 1971 வரை ஜிடிஓவின் சேசிஸ் நம்பர் 242 என்று தொடங்கும். 1964, 65 ஜிடிஓவுக்கு அதுவும் கிடையாது. அந்தக் காலத்து பில் விவரத்தை பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் காசு வாங்கிக்கொண்டு எடுத்துத் தரும். ஃபோர்டுக்கு அதே மாதிரி மார்ட்டி ரிப்போர்ட் இருக்கிறது.

இதில் கிரைஸ்லர்தான் நேர்மை. 1960-களின் பிற்பகுதியில் இருந்து சேசிஸ் நம்பரின் ஐந்தாவது இடத்தில் உள்ள எழுத்தே எஞ்சினைச் சொல்லிவிடும். 1967 முதல் 1969 வரை 'ஜே', 1970, 71-இல் 'ஆர்' என்றால் 426 ஹெமி. அந்த எழுத்து இல்லாத ஹெமி வண்டிக்கு எவ்வளவு கதை சொன்னாலும் ஹெமி விலை கொடுக்காதீர்கள்.

முதலீடாக வாங்கலாமா?

மனைவியைச் சம்மதிக்க வைக்க இந்த வாதத்தைப் பயன்படுத்துபவர்கள் நிறையப் பேர். நீங்களே நம்பிவிடாதீர்கள். 1971 பிளைமத் ஹெமி கூடா (பாரகூடாதான்) கன்வர்ட்டிபிள், அதாவது கூரையை மடக்கும் வண்டி, மொத்தமே 11 செய்தார்கள். அதில் ஒன்று 2014-இல் சியாட்டிலில் நடந்த மீக்கம் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. அதே பிளைமத்தின் 1970 சூப்பர்பேர்டு, பின்னால் உயர்ந்த இறக்கையும் முன்னால் கூர்மூக்கும் வைத்தது, அன்று விற்பனையாகாமல் டீலர் வாசலில் நின்றது. சில டீலர்கள் மூக்கைக் கழற்றி சாதாரண ரோட் ரன்னராக மாற்றித் தள்ளிவிட்டார்கள். எது விலை போகும் என்று அன்று யாருக்கும் தெரியவில்லை. இந்தச் சந்தை 2006 வாக்கில் ஊதிப் பெருத்து, 2008 பொருளாதாரச் சரிவில் காற்றுப்போனது.

இன்னொரு கணக்கு. இந்தக் கார்களின் மேல் உயிரை வைத்திருப்பவர்கள் தங்கள் இளமையில் இவற்றைப் புதிதாகப் பார்த்தவர்கள். அவர்களுக்கு இப்போது எழுபதுக்கு மேல் வயது. வண்டிகளை விற்கும் வயது அது. அபூர்வ மாடல்களைத் தவிர மற்றவை ஏறுமுகமாகவே இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பாழடைந்த காரை வாங்கி முழுசாக ரெஸ்டோர் செய்து லாபம் பார்க்கலாம் என்ற யோசனை இன்னும் மோசம். டிங்கரிங், பெயின்ட், குரோம் முலாம், சீட் வேலை என்று கூட்டினால் முடித்த காரின் சந்தை விலையைச் செலவு எளிதாகத் தாண்டும். வேறொருவர் செலவழித்து முடித்த வண்டியை வாங்குவதே லாபம்.

டிஸ்க் பிரேக், ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் எல்லாம் போட்டு மாற்றிவிட்டால் அசல் தன்மை கெட்டுவிடாதா?

அபூர்வமான, அசல் எஞ்சினோடு இருக்கும் கார் என்றால் கை வைக்காதீர்கள். மற்றபடி மாற்றுங்கள். முன் டிஸ்க் பிரேக், ரேடியல் டயர், இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர், மூன்று முனை சீட் பெல்ட், பெரிய ரேடியேட்டர், இவை எல்லாம் போல்ட்டில் மாட்டும் விஷயங்கள். பழையதை ஒரு பெட்டியில் போட்டு வைத்தால் விற்கும்போது சேர்த்துக் கொடுக்கலாம். ஜெனரல் மோட்டார்ஸின் புதிய எல்எஸ் எஞ்சினும் கம்ப்யூட்டரும் வைத்து முழுதாக மாற்றுவதில் எனக்கு ஈடுபாடில்லை. பானெட்டைத் திறந்தால் மறுபடி பிளாஸ்டிக் மூடியைப் பார்ப்பதற்கா இவ்வளவு பாடு?

முதல் முறை வாங்குபவருக்கு எது சரி?

289 வி8 வைத்த 1965-68 மஸ்டாங். பாகங்கள் மலிவு, தெரிந்த மெக்கானிக் எங்கும் உண்டு, திரும்ப விற்பதும் சுலபம். எல்லோரும் வைத்திருக்கிறார்களே என்று அலுத்தால், ஜிடிஓவின் அதே பாடியில் சின்ன எஞ்சினோடு வந்த பான்டியாக் லெமான்ஸ், இல்லையென்றால் 340 எஞ்சின் போட்ட 1970-73 பிளைமத் டஸ்டர். சின்ன வி8 வைத்த கார்களுக்கு மூக்கில் எடை குறைவு, அதனால் வளைவுகளில் பெரிய எஞ்சின் கார்களைவிட நன்றாகத் திரும்பும். 426 ஹெமிக்கு ஆசைப்படுபவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளட்டும், அதை எடுத்தால் ஃபேக்டரி ஏசி கிடைக்காது.

இதையே தினமும் ஆபீசுக்கு ஓட்டலாமா?

வேண்டாம். கூட ஒரு சாதாரணக் கார் கட்டாயம் இருக்கட்டும்.

இன்ஷூரன்ஸ், பதிவு?

வழக்கமான பாலிசி எடுக்காதீர்கள். விபத்து நடந்தால் ஐம்பது வயதுக் காருக்குத் தேய்மானம் போக என்ன மதிப்பு என்று கேட்பார்கள். 'அக்ரீட் வேல்யூ' பாலிசி எடுங்கள். வண்டியின் மதிப்பை முன்கூட்டியே இரு தரப்பும் ஒப்புக்கொள்வது. காரேஜில் நிறுத்த வேண்டும், அன்றாடப் போக்குவரத்துக்கு வேறு கார் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுவார்கள், ஆனால் பிரீமியம் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு.

பதிவு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மிச்சிகனில் 25 ஆண்டைத் தாண்டிய காருக்கு 'ஹிஸ்டாரிக்' பிளேட் கிடைக்கும். கண்காட்சி, கிளப் ஓட்டம், ஊர்வலம் போன்றவற்றுக்கு மட்டும்தான் ஓட்டலாம். ஆகஸ்ட் மாதத்துக்கு மட்டும் விலக்கு, அந்த மாதம் முழுக்க இஷ்டப்படி ஓட்டலாம். சட்டம் எழுதியவர்கள் வீட்டிலும் கார்ப் பித்து இருந்திருக்கும்.

குளிர்காலத்தில் என்ன செய்வது?

டேங்கை நிரப்பி, ஸ்டெபிலைசர் ஊற்றி, பேட்டரியைச் சார்ஜரில் மாட்டி, சைலன்சர் வாயையும் ஏர் ஃபில்டர் வாயையும் அடைத்துவிடுங்கள். எலி புகாமல் இருக்க. வசந்தத்தில் கிளப்புவதற்கு முன் அடைப்பை எடுக்க மறக்க வேண்டாம்.

இந்தியாவுக்குக் கொண்டுபோக முடியுமா?

பயன்படுத்திய கார் இறக்குமதிக்கு மூன்று ஆண்டு வயது வரம்பு, வலப்பக்க ஸ்டீயரிங் என்று கட்டுப்பாடுகள் இருக்கின்றன. பழம்பெரும் கார்களுக்கான சலுகை விதிகள் அவ்வப்போது மாறும், சுங்கத் தீர்வையும் கடுமை. ஏஜென்டை நம்பாமல் அன்றைய அறிவிக்கையைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். அனுமதியே கிடைத்தாலும், மே மாதம் அண்ணா சாலையில் 7.4 லிட்டர் எஞ்சினையும் கார்புரேட்டரையும் வைத்துக்கொண்டு சிக்னல் சிக்னலாக நிற்பதை ஒருமுறை கற்பனை செய்து பாருங்கள்.

வாங்காமல், கிட்டே போய்ப் பார்க்க வழி உண்டா?

ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை மிச்சிகனுக்கு வாருங்கள். 1995-இல் தொடங்கிய வுட்வர்ட் டிரீம் க்ரூஸ் அன்றுதான். அறுபதுகளில் இளைஞர்கள் சிக்னலுக்குச் சிக்னல் ரேஸ் விட்ட அதே வுட்வர்ட் அவென்யூவில், ஃபெர்ன்டேலில் இருந்து பான்டியாக் ஊர் வரை, காலையில் தொடங்கி இருட்டும்வரை பழைய கார்கள் போய்க்கொண்டே இருக்கும். நுழைவுக் கட்டணம் இல்லை. மடக்கு நாற்காலி ஒன்றும் தண்ணீரும் கொண்டுவந்தால் போதும். சனிக்கிழமை நெரிசலில் கார்கள் ஊரும், சத்தம் மட்டும்தான் கேட்கும். அவை ஓடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் முந்தின புதன், வியாழன் மாலைகளில் வாருங்கள். கூட்டமும் குறைவு, ஓனர்களும் பானெட்டைத் திறந்து வைத்துப் பொறுமையாகப் பேசுவார்கள்.